அங்கே மழையா?

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. லாபிஸில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். வியர்த்து ஊற்றியது. வாரக் கடைசியில் ஊருக்கு வந்தாலும் வானொலி வேலை விடாது. கம்பளி போர்த்திக்கொண்டால் எதிரொலி வராது. ஒலிப்பதிவுக் கூடம் இல்லாத ஊர்களில் அறிவிப்பாளர்கள் செய்யும் பழைய தந்திரம் இது.

நான் பேசிக்கொண்டிருந்தது மறுநாள் பிரான்ஸில் நடக்கவிருந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி. மார்செய் நகரில் மார்செய் குழுவும் பாரிஸ் செயிண்ட் ஜெர்மேன் குழுவும் மோதும் பிரெஞ்சு லீக் 1 ஆட்டம். மூன்று நிமிட முன்னோட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒலிபரப்பாக வேண்டும்.

நம் நேயர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து லீக் ரசிகர்கள். லிவர்பூலா, மென்செஸ்டரா என்று கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். பிரெஞ்சு லீக் என்றால், “அதான் பாரிஸ்தானே ஜெயிக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதில் தப்பும் இல்லை. 2013 முதல் 2025 வரை 13 பருவங்களில் 11 முறை பி.எஸ்.ஜிதான் வெற்றியாளர். ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 2014லிருந்து மலேசிய லீக் கிண்ணம் ஜே.டி.டியின் அலமாரியை விட்டு வெளியே வரவில்லையே!

ஆனாலும் இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் முன்னோட்டம் கொடுத்தே தீர வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கினேன். பிரான்ஸில் இதை ‘லெ க்ளாசிக்’ என்பார்கள். மார்செய் 1899ல் தொடங்கப்பட்ட துறைமுக நகரத்துக் குழு. பி.எஸ்.ஜி 1970ல் பிறந்த தலைநகரத்துக் குழு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் தலைநகரம். அந்தச் சண்டையில் காற்பந்து பாதி, ஊர்ப்பெருமை பாதி. இன்னொரு விஷயமும் உண்டு. ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சுக் குழுக்கள் இவை இரண்டு மட்டுமே. 1993ல் மார்செய், மிலானை 1-0 என்று வென்றது. 2025 மே 31ல் பி.எஸ்.ஜி, இன்டர் மிலானை 5-0 என்று நசுக்கியது. இரண்டு இறுதியாட்டமும் நடந்தது ஜெர்மனியின் மியூனிக் நகரில்.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது விளையாட்டு முன்னோட்டத்துக்கு ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். குழுக்களின் தற்போதைய நிலை, காயம்பட்டவர்கள், பழைய மோதல்கள், கவனிக்க வேண்டிய ஆட்டக்காரர், கடைசியில் கணிப்பு. ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன்.

பி.எஸ்.ஜி முதல் நான்கு ஆட்டங்களிலும் வென்றிருக்கிறது. மார்செய் நான்கில் இரண்டைத் தோற்றிருக்கிறது. அதுவும், முதல் ஆட்டத்தில் தோற்ற பிறகு உடைமாற்றும் அறையிலேயே சொந்தக் குழுவின் ஆட்டக்காரர்கள் இருவர் மோதிக்கொண்டு, இருவரையும் விற்றுவிடும் நிலை. பி.எஸ்.ஜியில் டெம்பெலேவும் டுவேவும் காயம். ஆனால் மார்செய் அரங்கில் நடந்த கடைசி மூன்று லீக் மோதல்களின் கணக்கைப் பாருங்கள்: 2023ல் 3-0, 2024 மார்ச்சில் 2-0, அதே ஆண்டு அக்டோபரில் 3-0. மூன்றிலும் வென்றது பி.எஸ்.ஜி. எட்டு கோல் வாங்கிய மார்செய் பதிலுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. சொந்த அரங்கில் லீக் ஆட்டமொன்றில் பி.எஸ்.ஜியை மார்செய் கடைசியாக வென்றது 2011ல். “ஆகவே நேயர்களே, என் கணிப்பு: பி.எஸ்.ஜி இரண்டு, மார்செய் ஒன்று!”

கம்பளியை விலக்கினால் வாசலில் அப்பா. கையில் கோப்பி ஓ.

“முழுசா கேட்டீங்களாப்பா?”

“கேட்டேன் பாப்பா. நல்லா சொல்ற.” ஒரு மிடறு குடித்தார். “அங்க மழையா?”

“எங்க?”

“அதான், ஆட்டம் நடக்கிற ஊர்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வயது 67. முப்பது வருஷத்துக்கு மேல் லாபிஸுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கே எது நடந்தாலும் அவருடைய முதல் கேள்வி மழையைப் பற்றித்தான். சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும், என் பட்டமளிப்பு விழா தேதி வந்தபோதும் இதே கேள்விதான். அது தோட்டத்துப் பழக்கம். விடியற்காலை எழுந்ததும் வானத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் தொடங்கியதில்லை.

“அப்பா, அது 67,000 பேர் உட்காரும் அரங்கம். மேலே கூரை இருக்கு. மழையெல்லாம் அங்க ஒரு விஷயமே இல்ல.”

“திடலுக்கு மேலயும் கூரை இருக்கா?”

“இல்ல. உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எந்தச் ‘சரி’ என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை முன்னோட்டம் ஒலிபரப்பானது. அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். ஆட்டம் பிரான்ஸ் நேரப்படி இரவு 8.45க்கு. நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை 2.45. விழித்திருந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து, யோங் பெங் வழியாகக் கோலாலம்பூருக்குத் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம்.

அன்றிரவு செய்தி வந்தது. மார்செய் வட்டாரத்தில் கடும் மழை, புயல் எச்சரிக்கை. ஆட்டம் ஒத்திவைப்பு. மறுநாள் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு நடக்கும். அதாவது நமக்குச் செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணி.

கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடத்தில் அத்தனையும் சொன்னேனே! யாருக்குக் கால் வலி, யார் யாரோடு சண்டை, 2011ல் என்ன நடந்தது என்பது வரை சொன்னேன். மழையைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “நான் சொன்னேன்ல” என்று அவர் கேட்டிருந்தால் அதோடு இந்தக் கதை முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்கு ஆடுறது இதே ஆட்டம் இல்ல பாப்பா” என்றார்.

“ஒரு நாள்தானேப்பா தள்ளிப் போயிருக்கு? அதே குழு, அதே அரங்கம்.”

“ஒரு நாள்ல எல்லாம் மாறிடும்.”

தயாரிப்பாளர் அழைத்தார். திங்கட்கிழமை மாலைக்குப் புதிதாக ஒரு முன்னோட்டம் வேண்டுமாம். ஒரு நாள் விடுப்பு கேட்டேன், கிடைத்தது. லாபிஸிலேயே தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் மேசைக்கு வந்தன. என்ன சொல்லிப் புது முன்னோட்டம் எழுதுவது என்று தெரியாமல், அப்பாவிடம் இந்த இரண்டு குழுக்களின் பழைய கதைகளை எடுத்துவிட்டேன்.

2006 மார்ச்சில் ஒரு தகராறு. பாரிஸ் அரங்கில் தங்கள் ரசிகர்களுக்கான ஏற்பாடு சரியில்லை என்று கோபித்துக்கொண்ட மார்செய் நிர்வாகம், நட்சத்திரங்களை ஊரிலேயே விட்டுவிட்டு இளையோரையும் மாற்று ஆட்டக்காரர்களையும் பாரிஸுக்கு அனுப்பியது. எல்லா முன்னோட்டமும் பி.எஸ்.ஜி கோல் மழை பொழியும் என்றது. ஆட்டம் 0-0. அந்தப் பையன்கள் ஊர் திரும்பியபோது வீரர்களைப் போல் வரவேற்பு.

அப்பா ரசித்துச் சிரித்தார். “நம்ம ஆளு யாராச்சும் அங்க ஆடியிருக்காங்களா?” என்று கேட்டார்.

இருக்கிறார் என்றேன். விக்காஷ் தொராசூ. மொரிசியஸிலிருந்து பிரான்ஸுக்குப் போன இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை. 1973ல் பிரான்ஸின் ஹார்ஃப்ளூரில் பிறந்தவர். லியோன் குழுவோடு 2003, 2004 இரண்டு ஆண்டும் லீக் கிண்ணம் வென்றார். பிறகு மிலான், அதற்குப் பிறகு பி.எஸ்.ஜி. 2006 பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் பி.எஸ்.ஜி இதே மார்செயை 2-1 என்று வென்றது. அதில் பி.எஸ்.ஜியின் இரண்டாவது கோல் தொராசூவுடையது. அதே ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் திடலில் இறங்கியது சில நிமிடங்கள் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சு. அந்தக் காத்திருப்பை அவரே ஒரு சின்னக் கேமராவில் படம்பிடித்தார். அது ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற பெயரில் ஆவணப்படமாக வெளிவந்தது.

“உட்கார்ந்திருந்ததையே படம் எடுத்தாரா?” அப்பா தே தாரேக்கை மேசையில் வைத்துவிட்டார்.

“ஆமாம்பா. கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு காத்திருந்ததை.”

அப்பா வெகு நேரம் எதுவும் பேசவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு, “1979ல எனக்கு ஒரு ஆட்டம் இருந்துச்சு” என்று தொடங்கினார்.

அப்பா தோட்டத்துக் குழுவில் வலப்பக்க ஆட்டக்காரர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் இருக்கிறது. வெறுங்காலோடு மூன்று பேர், பூட்ஸோடு எட்டுப் பேர். ஒரு காலத்தில் மாவட்டக் குழுவுக்கு ஆட இருந்தார், போகவில்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் போகவில்லை என்று கேட்டால், “அவருக்கு அக்கறை இல்ல” என்பார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்லப்போனால், அப்பாவைப் பற்றி எனக்குள் இருந்த சின்னக் குறையே அதுதான். கையில் கிடைத்ததை விட்டுவிடுகிற மனிதர் என்று.

நடந்தது இது. தோட்டங்களுக்கு இடையிலான இறுதியாட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. சிகாமட்டிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று ஒரு வாரமாகவே பேச்சு. அப்பாவுக்கு வயது 21. லாபிஸ் சீனர் கடையில் கடன் சொல்லி வாங்கிய புது பூட்ஸ். ஞாயிறு காலையிலிருந்து அடைமழை. திடலில் முழங்கால் தண்ணீர். ஆட்டம் மறுநாள் திங்கட்கிழமை மாலை நாலரைக்கு என்று ஒத்திவைத்தார்கள். தேர்வாளர்களும் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பால்வெட்டைப் பற்றித் தெரியாத இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி மழைநீரோடு வீணாகும். ஆகவே விடிய விடிய மழை பெய்தால், பட்டை காயும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக இருட்டோடு தொடங்கி நண்பகலில் முடியும் வேலை, அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். வெட்டி முடித்து, பால் வடிந்து நிற்கும் வரை இருந்து, மரம் மரமாகப் போய்க் கிண்ணத்துப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம். முந்தின நாளின் பாலையும் மழை கொண்டுபோயிருந்தால், மறுநாள் யாருக்கும் விடுப்பு கிடையாது.

“கங்காணிகிட்ட கேட்டேன். ‘பாலை யார் எடுக்கிறது?’ன்னாரு. அவர் கேட்டதும் நியாயம்தான். என் தங்கச்சிக்கு அப்போ காய்ச்சல். வீட்டில வேற ஆள் இல்ல. வெட்டின பாலை அப்படியே விட்டுட்டு வந்தா ஒரு நாள் சம்பளம் போகும், பேரும் போகும்.”

பாலை நிறுத்துவிட்டு, கையில்கூட வாடை போகாமல், பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. அவருடைய இடத்தில் வேறொரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். நன்றாகவே ஆடினான். அப்பா கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கடைசி வரை கூப்பிடவில்லை. அந்தப் பையனைத் தேர்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று வருஷம் மாவட்டத்துக்கு ஆடினானாம்.

“அவன் மேல எனக்குக் கோபமே இல்ல பாப்பா. நல்ல ஆட்டக்காரன். ஆனா ஞாயித்துக்கிழமை ஆடியிருந்தா அது வேற ஆட்டம்.”

எழுந்துபோய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் குளிர்ந்துபோன தேநீரைக் குடித்து முடித்தேன்.

அந்தத் திடலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. காரில் போனோம். அங்கே திடல் இல்லை. லயன் வீடுகளும் இல்லை. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டு எத்தனையோ வருஷமாகிறது. வரிசை வரிசையாகச் செம்பனை நிற்கிறது. இந்தச் செம்பனையை நம் நாட்டில் வணிக அளவில் முதலில் நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1917ல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில், ஹென்றி ஃபொகோனியே என்பவர். அவரே பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930ல் பிரான்ஸின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசை வாங்கினார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப பிரான்சுக்காரன் ஆட்டத்தைப் பத்தி நீ ரேடியோவுல பேசுறதுல தப்பில்ல” என்றார். செம்பனை வரிசைக்குள் ஓரிடத்தைக் கைகாட்டி, “அங்கதான் கோல் கம்பம்” என்றார். எனக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

திரும்பும் வழியில் எனக்கு 2014 நினைவு வந்தது.

படித்து முடித்து ஊரில் சும்மா இருந்த காலம். கோலாலம்பூரில் ஒரு வானொலியில் குரல் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புறப்படும் நேரத்தில், தேர்வை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருப்பதாகச் செய்தி. அந்த அடுத்த வாரம்தான் சிகாமட்டில் ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர இருந்தேன். நிச்சயமான சம்பளம். குரல் தேர்வோ நூறு பேரில் ஒருவருக்குக் கிடைப்பது. “தள்ளி வச்சிட்டாங்க, இனி அது கிடைக்காது, விடுங்க” என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னோடு வாதாடவில்லை. சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தவர், புது தேதிக்குக் கோலாலம்பூர் பேருந்து டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். “ஒத்திவச்ச நாளுக்குக் கண்டிப்பா போகணும்” என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. கடை முதலாளியிடம் யார் பதில் சொல்வது என்று சண்டை போட்டேன். அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அந்தத் தேர்வில்தான் இன்றைய என் வேலை கிடைத்தது. பதினோரு வருஷமாக அதை அப்பாவின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரப் புல்லில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்த 21 வயதுப் பையன் ஒருவன் எனக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்பது அந்தக் கார்ப் பயணத்தில்தான் விளங்கியது. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. தினமும் பல மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள், லாபிஸ் ரயில் நிலையம் தாண்டி வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானம் மறுபடி கம்பளிக்குள் புகுந்தேன். இந்த முறை, அப்பா சொன்ன கோணத்தில் ஆட்டத்தைப் பார்த்தேன். ஒரு நாளில் என்ன மாறியிருக்கிறது?

நிறையவே மாறியிருந்தது. அதே திங்கட்கிழமை இரவு பாரிஸில் பலோன் டி'ஓர் என்னும் தங்கப் பந்து விருது விழா. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது. விருதுப் பட்டியலில் பி.எஸ்.ஜி ஆட்டக்காரர்களின் பெயர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமையே ஆட்டம் முடிந்திருந்தால் அவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போயிருப்பார்கள். மழை அவர்களை மார்செயில் பிடித்து வைத்துவிட்டது. டெம்பெலே போன்ற காயம்பட்டவர்களால் மட்டும் போக முடியும். மற்றவர்கள் உடம்பு திடலிலும் மனசு பாரிஸிலுமாக ஆட வேண்டும். மார்செய்க்கு அன்றைக்கு வேறு எங்கும் விசேஷம் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே விசேஷம் இந்த ஆட்டம்தான்.

இதையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, கடைசியில் கணிப்பு வந்ததும் பயந்துவிட்டேன். எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கு கண்முன் வந்து நின்றது. “இருந்தாலும் பி.எஸ்.ஜிக்கே வாய்ப்பு அதிகம்” என்று முடித்தேன். வாசலில் நின்ற அப்பா, “மார்செய் தோக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாலை இரண்டு மணி. வீட்டில் மூன்று பேரும் விழித்திருந்தோம். அம்மாவுக்குக் காற்பந்து பிடிக்காது, ஆனால் எங்கள் இருவரையும் தனியாக விட்டுவிட்டுத் தூங்கவும் மனமில்லை. ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது நிமிடம் அப்பா, “கோப்பி கலக்கிட்டு வந்துடறேன்” என்று சமையலறைக்குப் போனார். ஐந்தாவது நிமிடம், வலப்பக்கமிருந்து வந்த பந்து பி.எஸ்.ஜி கோல்காவலர் கையில் பிடிபடாமல் நழுவியது. மார்செயின் தற்காப்பு ஆட்டக்காரர், மொரோக்கோவைச் சேர்ந்த நயெஃப் அகெர்ட், தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அரங்கம் வெடித்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்ன? என்ன?”

“கோல்ப்பா! மார்செய்!”

“போச்சுடா! இதையும் பார்க்கலையா நானு!”

அம்மா சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறியது. அப்பாவும் சிரித்தார். 46 வருஷத்துக்குப் பிறகும் கோல் விழும்போது அவர் திடலுக்கு வெளியே!

மீதி 85 நிமிடமும் பி.எஸ்.ஜி பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதியது. மார்செய் தளரவில்லை. கடைசி நிமிடங்களில் மார்செய் பயிற்றுநர் டி செர்பிக்குச் சிவப்பு அட்டையே காட்டிவிட்டார்கள். அவரும் திடலுக்கு வெளியே போய்விட்டார். அப்பா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார், கோப்பி ஆறிப்போனது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. சொந்த அரங்கில் மார்செய்க்கு 14 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த லீக் வெற்றி.

அதே இரவில் பாரிஸில் டெம்பெலேவுக்குத் தங்கப் பந்து கிடைத்தது. மேடையில் அழுதார். அவர் அம்மா மேடையேறிப் பக்கத்தில் நின்றார். ஆட்டத்தைக் கண்டுகொள்ளாத எங்கள் அம்மா, கைப்பேசியில் அந்தக் காட்சியை மட்டும் இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். சிறந்த பயிற்றுநர் விருது பி.எஸ்.ஜியின் லூயிஸ் என்ரிக்கேவுக்கு. அதை வாங்க அவர் மேடைக்கு வர முடியவில்லை. தோற்ற குழுவோடு மார்செயில் இருந்தார்.

தூக்கம் போய்விட்டதால், பழைய கணக்குகளை மறுபடி புரட்டினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 2009 அக்டோபரில் இதே மார்செய் அரங்கில் இதே இரண்டு குழுக்களின் ஆட்டம், பி.எஸ்.ஜி ஆட்டக்காரர்களிடையே எச்1என்1 காய்ச்சல் பரவியதால் சில மணி நேரத்துக்கு முன் ஒத்திவைக்கப்பட்டது. நவம்பரில் மறுபடி ஆடினார்கள். முடிவு: மார்செய் 1, பி.எஸ்.ஜி 0. அடித்தவர் முன்பு பி.எஸ்.ஜியில் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர் ஹெய்ன்ஸே.

நான் அத்தனை முன்னோட்டத்திலும் தேடிப் பார்த்தது பழைய மோதல்களை. ஒத்திவைக்கப்பட்ட மோதல்கள் என்று தனியாக ஒரு கணக்குப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “நான்தான் சொன்னேனே, அது வேற ஆட்டம்னு” என்றார். இந்த முறை சொல்லிக்காட்டாமல் இருக்க அவராலும் முடியவில்லை.

கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, “2014ல அந்த டிக்கெட் வாங்கினதுக்கு நன்றிப்பா” என்றேன். பதினோரு வருஷம் தாமதம். அப்பா எதைச் சொல்கிறேன் என்று தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, “பதினாறு வெள்ளியோ என்னமோ, அதெல்லாம் மறந்துபோச்சு” என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். “யோங் பெங் பக்கம் இருட்டுது. மெதுவா போ.”

இப்போதும் வாரக் கடைசியில் முன்னோட்டம் கொடுக்கிறேன். அதே ஐந்து விஷயங்கள்தான். ஆனால் எழுதத் தொடங்கும் முன் ஆட்டம் நடக்கும் ஊரின் வானிலையைப் பார்த்து முதல் வரியில் குறித்துக்கொள்கிறேன். சக அறிவிப்பாளர்கள் கேலி செய்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் லாபிஸிலிருந்து ஓர் அழைப்பு வரும். “இந்த வாரம் எந்த ஊர்ல ஆட்டம் பாப்பா?” சொல்வேன். அடுத்த கேள்விக்கு இப்போதெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்.